பிக்கப் வண்டியின் வலப்பக்கப் பட்டை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று உறவினர்கள் சொன்னார்கள். நல்லதும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் என் நெஞ்சு ஆறாத ஒன்றையும் எழுதுகிறேன்.

திருச்செந்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த அண்ணன், பதினைந்து வயதில் சென்னைக்கு வந்தார். தியாகராய நகரில் ஒரு பாத்திரக்கடையில் எடுபிடியாக இருந்து, பிறகு சொந்தக் கடை வைத்தார். தங்கைகள் இருவரைக் கட்டிக்கொடுத்தார், என்னைப் படிக்க வைத்தார். ஆனால் அப்பப்பா, அவருடைய சந்தேகம்! பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். பூட்டை மூன்று தடவை இழுத்துவிட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்து நாலாவது தடவை இழுப்பார். மவுண்ட் ரோட்டுக்கு அண்ணா சாலை என்று பேர் மாறியதைக்கூடப் பலகையைக் கண்ணால் பார்த்த பிறகே நம்பினார்.

கடையில் பழைய பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. அண்டாவும் குத்துவிளக்கும் ஏற்றி ஏற்றி அதன் பின்பக்கம் உட்கார்ந்துபோனது. தேனாம்பேட்டையில் ஷெட் வைத்திருந்த காசி மேஸ்திரி குனிந்து பார்த்தார். பின்சக்கரத்துக்கு மேல் அடுக்காக இருக்கும் இரும்புப் பட்டைகளைத் தட்டிக் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் பட்டை தேஞ்சு கீது மொதலாளி. ஜோடியாத்தான் மாத்தணும். ஒரு பக்கம் மாத்துனா வண்டி கோணிக்கும்."

அண்ணன் சரி என்றார். வண்டியை ஷெட்டில் விட்டோம். மறுநாள் நான் மட்டும் போனேன். ஒரு பக்கத்துக்குத்தான் புதுப் பட்டை கிடைத்திருந்தது, அடுத்தது வர ஒரு வாரமாகும். மயிலாப்பூர்க் கல்யாணத்துக்கோ சீர்ப் பாத்திரம் உடனே போயாக வேண்டும். அண்ணனிடம் சொன்னால் வண்டியை எடுக்கவே விடமாட்டார்.

"வலப்பக்கம் பழசே இருக்கட்டும் மேஸ்திரி. கறுப்பு பெயின்ட் அடிச்சுடுங்க. அடுத்த வாரம் நைசா மாத்திக்கலாம். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

"இன்னா சின்ன மொதலாளி, வம்புல மாட்டி வுடுறீங்களே" என்று தலையைச் சொறிந்தார். எனக்காகச் செய்தார். அவரே வண்டியை ஓட்டிவந்து கடை வாசலில் நிறுத்தினார்.

"ஏல, வலது பக்கம் சாயுதே?" என்று அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி அடியில் நுழைந்தார். ஒரு ஆணியால் பெயின்டைச் சுரண்டினார். ‘பழசு’ என்ற எழுத்து வெளியே வந்தது. வண்டியை ஷெட்டில் விடுவதற்கு முன்பே அண்ணன், பாத்திரத்தில் பெயர் வெட்டும் உளியால் இரண்டு பக்கப் பட்டையிலும் யாருக்கும் தெரியாமல் வெட்டி வைத்திருக்கிறார்! கடையில் இரண்டு உளி மழுங்கிக் கிடந்த காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"களவாணிப் பய! எழுத்தப் பாத்துக்கிட்டே பெயின்ட் அடிச்சிருக்கான்!"

தெருவே கூடிவிட்டது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான், "ஏன் மேஸ்திரி இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். இந்த வாயால்தான் கேட்டேன். அவர் வண்டிச் சாவியை என் கையில் வைத்துவிட்டு நடந்து போனார்.

இரண்டு நாள் கழித்து ரகசியமாக ஷெட்டுக்குப் போனேன். "வுடு நைனா. அண்ணன் தம்பிக்கு நடுவுல நான் பூந்து இன்னா ஆவப் போது?" என்றார். அண்ணனோ கடை கடையாகச் சொல்லி வைத்தார். ஷெட்டுக்கு வண்டிகள் வருவது நின்றது. மேஸ்திரி ஷெட்டை மூடிவிட்டு அசோக் நகரில் இன்னொருவரிடம் கூலிக்குப் போனார். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நான் எட்டு வருஷத்தை ஓட்டினேன்.

கடைசி நாட்களில் அண்ணன் மருந்தைக்கூட மோந்து பார்த்துத்தான் குடித்தார். நான் கொடுத்தால் மட்டும் பார்க்காமல் குடிப்பார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏல தம்பி, நான் சந்தேகப்படாத ஆளே இல்ல. உன்ன மட்டுந்தான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்ல" என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பாவி நான்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், பக்கத்திலேயே இருந்த அண்ணிக்கும், கடைத்தெரு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த நண்பர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். காசி மேஸ்திரி களவாணி அல்ல. அந்தக் கறுப்பு பெயின்ட் என் வேலை.

இம்மலரின் முதல் பிரதியை அவர் வீட்டுக்கு நானே கொண்டுபோகிறேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணன் வெட்டிய எழுத்துகூட அவர் கண்ணுக்கு வெறும் கீறலாகத்தான் தெரிந்திருக்கும். இதை நான்தான் அவர் எதிரில் உட்கார்ந்து உரக்கப் படிக்க வேண்டும்.