மோட்டார் கொட்டகையில் இரண்டு மணி நேரம்

விவசாயத்துக்கென்று தரப்பட்ட இலவச மின் இணைப்பிலிருந்து வேறெந்த உபயோகத்துக்கும் மின்சாரம் எடுக்கக் கூடாது. எடுத்தால் இணைப்பு துண்டிக்கப்படும். இதுதான் விதி. மின்சார அலுவலகத்தில் வருவாய் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மோட்டார் கொட்டகையில் கிரைண்டர் ஓட்டியவர், கோழிக்குஞ்சுகளுக்கு பல்பு போட்டவர் என்று பலரிடம் இந்த விதியை ஒப்பித்திருக்கிறேன். அவர்களில் யாரும் அதை ரசித்ததாக நினைவில்லை.

ஓய்வுக்குப் பிறகு பேட்டரி வண்டி வாங்கினேன். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை என்னுடையது. இப்போது மகன் சிங்கப்பூரில் உட்கார்ந்து போனை நாலு தட்டுத் தட்டினான். பத்தாம் நாள் தஞ்சாவூரில் என் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அதற்கு வழியில் எங்கே சார்ஜ் போடுவது என்பதை மட்டும் தாராளமயம் அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டது.

என் சாமர்த்தியம் ஒரு நோட்டுப் புத்தகம். வெளியூர்த் தடம் ஒவ்வொன்றிலும் சார்ஜ் போடத் தகுந்த இடங்களை அதில் குறித்து வைத்திருந்தேன். உறவினர் வீடு, டீக்கடை, கல்யாண மண்டபம், எல்லாமே வீட்டு இணைப்பு அல்லது வணிக இணைப்பு. சட்டப்படி சுத்தமானவை. இரண்டு டீ, ஒரு வடை, ஒரு முழு நாளிதழ் முடிவதற்குள் அடுத்த ஊர் வரைக்கும் ஏறிவிடும்.

அந்த ஆவணியில் நன்னிலத்தில் பழைய சக ஊழியர் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் பக்கவாட்டில் வண்டியை நிறுத்தி, ஜன்னலோர பிளக்கில் சார்ஜரை மாட்டிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் என் ஒயர் தரையில் கிடந்தது. பிளக்கில் ஐஸ்கிரீம் பெட்டி.

சமையல்காரரிடம் கேட்டேன். "ஐஸ்கிரீம் உருகிட்டா பொண்ணு வீட்டுல என்னைத்தான் கேப்பாங்க சார். உங்க வண்டி உருகுமா?" என்றார்.

கோபத்தில், வண்டியில் மிச்சமிருந்த சார்ஜோடே கிளம்பினேன். நோட்டில் கண்ட அடுத்த டீக்கடை வரை வண்டி வந்துவிட்டது. கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் வீட்டில் காதுகுத்தாம். அதைத் தாண்டி இரண்டு பக்கமும் வயல். வண்டி முதலில் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது, பிறகு நின்றே விட்டது. என்னைவிட ஒன்றரை மடங்கு எடையுள்ள அதை வெயிலில் தள்ள ஆரம்பித்தேன்.

சாலையை ஒட்டி ஒரு மோட்டார் கொட்டகை. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"பெட்ரோல் தீந்துடுச்சா சார்?"

"பேட்டரி வண்டிம்மா. சார்ஜ் தீந்துபோச்சு."

"அதுக்கு ஏன் தள்ளிக்கிட்டுப் போறீங்க? கொட்டாய்ல பிளக்கு இருக்கு. கொண்டாந்து மாட்டுங்க."

"இது விவசாய கனெக்ஷன்மா. வண்டிக்கெல்லாம் போடக் கூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப வண்டியில ஏரைக் கட்டி நாலு சால் ஓட்டிடுங்க. விவசாயம் ஆயிடும்."

மாட்டினேன். உள்ளே சுவரில் மாதா படம், அதன் முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. விதிப்படி அதுவும் விவசாயம் ஆகாது. கண்டுகொள்ளாமல் இருந்தேன், நானே கெட்டுப்போன பிறகு மாதாவின் மேல் நடவடிக்கை எடுப்பது முறையல்ல.

அவருடைய கணவர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். நிலத்தை இவர்தான் பார்க்கிறார். அந்த இரண்டு மணி நேரத்தில் இணைப்பு வந்த கதையையும் சொன்னார்.

"இந்த லைனுக்கு என் மாமனார் மனு கொடுத்தப்ப எனக்குக் கல்யாணமே ஆகல சார். என் பெரிய பொண்ணு பத்தாவது படிக்கிறப்பதான் வந்துச்சு. வந்த வருசமே மாமா போயிட்டாங்க. இன்னும் அவங்க பேர்லதான் கெடக்கு."

கிளம்பும்போது நான் பணம் நீட்டவில்லை. அவர் வாங்கினால் மின்சாரத்தை மறுவிற்பனை செய்த குற்றமும் சேரும். நன்றி மட்டும் சொன்னேன். கொட்டகைச் சுவரில் பெயிண்டில் எழுதியிருந்த இணைப்பு எண், பழக்கதோஷத்தில் மனத்தில் ஏறிக்கொண்டது.

மறுநாள் காலை அந்தப் பகுதியின் உதவிப் பொறியாளருக்குக் கடிதம் எழுதினேன். நாள், நேரம், இணைப்பு எண், சார்ஜரின் திறன் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, விவசாய மின்சாரத்தை வாகனத்துக்குப் பயன்படுத்தியவன் நான், உரிய நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தேன். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மனம் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. ஒப்புகை அட்டை திரும்பி வரும் வரை அந்தச் சுத்தம் நீடித்தது. அட்டையைப் பார்த்த என் மனைவி, கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தாள்.

"சார்ஜ் போட்டது நீங்க. எதுக்கு அந்தப் பொண்ணோட நம்பர எழுதியிருக்கீங்க?"

"நம்பர் இல்லாம எந்த இணைப்புன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சா யார் லைனைப் புடுங்குவாங்க? நம்ம வீட்டு லைனையா?"

விதியை மனத்துக்குள் ஒருமுறை ஒப்பித்துப் பார்த்தேன். எடுத்தவனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. துண்டிக்கப்படுவது இணைப்பு. அதுவும் இறந்துபோனவர் பெயரில் இருக்கும் இணைப்பு. துண்டித்துவிட்டால் மறுபடி கேட்டுக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டியதுதான். இதில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்.

உதவிப் பொறியாளர் அலுவலகத்துக்கு ஓடினேன். "இன்வேர்டு ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு சார். எடுக்க முடியாது. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் எழுத்தர். முதல் கடிதத்தை ரத்து செய்யக் கோரி இரண்டாவது கடிதம் கொடுத்தேன். அதற்கும் எண் போட்டு அதே கோப்பில் கோத்தார்கள். கோப்பு தடித்ததுதான் மிச்சம்.

அந்தப் பெண்ணிடம் நேரில் போய்ச் சொன்னேன். மண்வெட்டியால் மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தாகம்னு வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்குறோம். குடிச்சிட்டுப் போயி கெணத்து மேல கேஸ் போடுவாங்களா சார்?"

"கேஸ் இல்லம்மா. கடிதம்தான்."

அந்த வேறுபாடு அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை. பெயர் மாற்றத்துக்கான மனுவை அங்கேயே வரப்பில் உட்கார்ந்து பூர்த்தி செய்தேன். ஆனால் இந்தக் கோப்பு முடியும் வரை அதைக் கொடுக்க வேண்டாம், அதிகாரிகளின் கண்ணில் படாமல் இருங்கள் என்றேன். யாருக்கும் நான் அப்படியொரு ஆலோசனை சொன்னதில்லை.

நாற்று பறித்து நடவு முடிந்தது. ஐப்பசியில் மழை பிடித்தது. மோட்டார் தேவைப்படவில்லை, எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. மார்கழியில் மழை விட்டு, பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் இறங்கியது. இனி மோட்டார்தான். திங்கட்கிழமைதோறும் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, லைன் ஆட்கள் யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"வரல சார். அவங்களைவிட நீங்க போன் பண்றதுதான் பயமா இருக்கு."

பொங்கல் கழிந்த பிறகு பதில் வந்தது. உறையைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. மனைவிதான் பிரித்துப் படித்தாள். தாங்கள் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், பராமரிப்புப் பணிக்காக அப்பகுதி முழுவதும் மின் விநியோகம் நிறுத்தப்பட்டிருந்தது; எனவே தாங்கள் கூறும் பயன்பாடு நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை; இத்துடன் கோப்பு முடிக்கப்படுகிறது.

அன்று அந்தக் கொட்டகையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த உதவிப் பொறியாளரை நான் பார்த்ததில்லை. அவர் கையெழுத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, பெயர் மாற்ற மனுவை நாளைக்கே கொடுத்துவிடச் சொன்னேன். கடிதத்தையும் படித்துக் காட்டினேன்.

மறுமுனையில் நெடுநேரம் சிரிப்பு. "அப்ப அன்னைக்கு உங்க வண்டி எதுல சார் தஞ்சாவூர் போயி சேந்துச்சு?"

"தெரியலம்மா" என்றேன்.

இம்முடிவில் ஆட்சேபம் இருப்பின் முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் கடைசி வரி சொன்னது. நான் செய்யவில்லை. ஆனாலும் முப்பது நாள் கணக்குக்காக, கடிதம் என் கைக்கு வந்து சேர்ந்த நாளைப் பழக்கதோஷத்தில் குறித்து வைத்திருக்கிறேன்: ஜனவரி இருபத்து மூன்று.