மேற்கே வைத்த பன்னிரண்டு ஜன்னல்கள்

நான் கட்டடம் கட்டுகிறவன். ஊர் வெயிலுக்கு ஏற்ற வீடு, கரண்ட் அதிகம் தின்னாத கட்டடம் என்று போகிற இடமெல்லாம் பேசுவேன். கேட்காதவர்களிடமும் பேசுவேன். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சுவர் கனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன், பாயசம் வருவதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சொந்த வீட்டின் முன்புறம் முழுக்கக் கண்ணாடி, அதுவும் மேற்குப் பார்த்தது. சாயங்காலம் ஏசி இல்லாமல் அங்கே உட்கார முடியாது. கட்டும்போது எனக்கு இந்தப் புத்தி இல்லை. வந்த பிறகு இடிக்க மனசு இல்லை.

இப்படிப்பட்ட என்னைத்தான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு முதலாளி கூப்பிட்டார். அவருக்குப் புதிதாக ஒரு மடிப்புக் கூடம் வேண்டும். முப்பது பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து, காயத்தின் மேல் வைக்கிற துணியை வெட்டி மடிக்கிற இடம். அந்தத் துணி கொசுவலை மாதிரி லேசானது. ஃபேன் போட்டால் மேசையில் நிற்காது, பஞ்சுத் தூசியும் கிளம்பும். அதனால் பழைய தகரக் கொட்டகையில் கோடையிலும் ஃபேன் ஓடாது. அவர் கூப்பிட்ட வருஷம் சித்திரையில் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்திருந்தார்கள்.

"ஃபேன் ஆகாது. ஏசி நமக்குக் கட்டாது. ஆனா குளுமையா இருக்கணும். முடியுமாப்பா?" என்றார்.

முடியும் என்றேன். ஒரு நாள் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

மேற்கே மலை. மலையைப் பார்த்த சுவரில் முழங்கால் உயரத்திலிருந்து பன்னிரண்டு பெரிய ஜன்னல்கள் வைத்தேன். தளம் போடும்போது கொத்தனார், "ஃபேன் கொக்கி எங்கன வைக்கணும் சார்?" என்று கேட்டார். என் கட்டடத்தில் கொக்கியா என்று அவரிடம் சத்தம் போட்டேன். பங்குனியில் கூடத்தைத் திறந்தோம். நான் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரம் பிடித்தேன். புகை மெதுவாக எதிர்ச்சுவர் வரை போனது. எல்லோரும் பாராட்டினார்கள். போட்டோ எடுத்து விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டேன். அடுத்து வந்த சித்திரை போனதே தெரியவில்லை.

ஆடி வந்தது.

ஆடியில் இரண்டு ஊருக்கும் நடுவே தினமும் பைக்கில் போய் வருகிறவன் நான். மலையிலிருந்து வரும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஹெல்மெட்டுக்குள் விசில் அடிக்கும். அது எந்தத் திசையிலிருந்து எந்த வேகத்தில் வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பிளான் போடும்போது மட்டும் தெரியவில்லை. ஃபேன் காற்றே ஆகாது என்று சொன்ன இடத்தில் மலைக்காற்றைத் திறந்துவிட்டிருந்தேன்.

முதலாளி போன் செய்தார். "வந்து உன் குளுமையைப் பாரு."

போனேன். வாசல் வேப்பமரத்தில் துணி தொங்கியது. தரையில் விழுந்த துணி காயத்துக்கு ஆகாது, அது மூலையில் குவிந்து கிடந்தது. பெண்கள் பன்னிரண்டு ஜன்னலையும் இறுகச் சாத்திவிட்டு உள்ளே வெந்துகொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமை கொத்தனாரு வாராரு. பன்னெண்டையும் செங்கல் வச்சு அடைச்சிரப் போறேன்" என்றார் முதலாளி.

மடிப்பைக் கவனிக்கிற அக்கா தலை நிமிராமல் சொன்னார்: "அடைங்க அண்ணாச்சி. சித்திரைக்கு விழுறவள எல்லாம் அந்த வேப்பமரத்தடியிலயே வரிசையாப் போட்டுக்கிடலாம்."

எனக்குக் கோபம். காற்றின் மேல் கோபம், அந்த அக்கா மேல் கோபம், என் மேல் மட்டும் இல்லை. "துணி மேல ஒரு கல்லைத் தூக்கி வச்சா என்ன?" என்று கேட்டேன்.

"ஒரு கட்டு மடிச்சுக் காட்டுங்க சார். கல்ல எங்கன வைப்பீகன்னு நாங்களும் பாக்கோம்."

உட்கார்ந்தேன். நாலு மடிப்பு, ஓரத்து நூல் வெளியே தெரியக் கூடாது. கல்லை வைத்தால் மடிக்க முடியவில்லை, எடுத்தால் துணி நழுவியது. அரை மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூக்குக்குள் பஞ்சு.

"ஏட்டி, சார் மடிச்சதத் தனியா வையி. யாரு காயத்துக்காவது போயிரப் போகுது" என்று அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். கூடமே சிரித்தது.

அடுத்த கட்டுத் துணி அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. எடுக்க ஸ்டூலில் ஏறினேன். முகத்தில் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி அனல். இறங்கினால் பரவாயில்லை. மறுபடி ஏறினேன், மறுபடி அனல். ஜன்னலுக்கும் தளத்துக்கும் நடுவே மூன்றடி வெறும் சுவர். சூடான காற்று மேலே போய், வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்றது. மேலே துவாரம் வைத்தால் முன்பக்க அழகு கெடும் என்று வேண்டாமென்று விட்டவன் நானேதான்.

ஸ்டூலில் நின்றபடியே முதலாளியிடம் சொன்னேன். ஜன்னல்களை ஆள் உயரத்துக்கு அடைப்போம், மேலே மிச்சத்தை விடுவோம். தளத்தை ஒட்டி இரண்டு பக்கச் சுவரிலும் துவாரம் போடுவோம். காற்று தலைக்கு மேலேயே போகட்டும், சூட்டையும் இழுத்துக்கொண்டு போகட்டும். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்போம்.

"ஒரு துணி பறந்துச்சுன்னா எல்லாத்தையும் மூடிருவேன்" என்றார் அவர்.

திங்கட்கிழமை அதே கொத்தனார் வந்தார். "கொக்கி வேண்டாம்லா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார்.

வேலை முடிந்த மத்தியானம் வெளியே காற்று பேயாக அடித்தது. அக்கா ஒற்றைத் துணியை மேசை நடுவில் விரித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளியும் நின்றார். நான் மூச்சு விடவில்லை, அதில் பறந்துவிட்டால் என் மேல்தான் பழி. ஓரம் கொஞ்சம் நடுங்கியது. துணி இடத்தை விட்டு நகரவில்லை.

"ஆடிக்குச் சரி. சித்திரை வரட்டும், பொறவு சொல்லுதேன்" என்றார் அக்கா.

சித்திரை வந்து போயிற்று. யாரும் விழவில்லை. "மலைதான் தெரியல" என்பதோடு அக்கா நிறுத்திக்கொண்டார்.

அடைத்த இடத்தில் மட்டும் பூச்சு வேறு நிறம். ரோட்டிலிருந்து பார்த்தாலே பன்னிரண்டு ஒட்டுகள் தெரியும். என் செலவில் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று மூன்று முறை கேட்டுவிட்டேன்.

"இருக்கட்டும்ப்பா. யாரு கட்டுனான்னு கேக்கவங்களுக்குக் காட்டணும்ல" என்கிறார் முதலாளி.