ஆட்டுக்கூடு மிதந்த நாள்

நனைந்த ஆட்டு மயிரின் நாற்றமும், வெயிலில் வெந்த பைபரின் பிளாஸ்டிக் வாடையும் ஒன்றாகச் சேர்ந்தால் மூக்கின் நுனியில் ஒரு காரம் ஏறும். கவிழ்ந்து கிடந்த மீன்பிடிப் போட்டுக்குக் கீழே குந்தியிருந்து, மூக்கை முக்காட்டால் பொத்திக்கொண்டு, புழுக்கை கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் சாச்சிக்கு அந்த யோசனை வந்தது. தும்புத்தடியைக் கீழே போட்டார், தலை இடிபடுவதையும் பார்க்காமல் எழும்பினார். "அடியே, இது போட்தானே? மிதந்து காட்டினாப் போச்சு!"

எனக்கு அப்போது பத்து வயது. கூடச் சிரித்தேனே தவிர, எதுவும் விளங்கவில்லை.

எங்கள் ஊர் தம்புள்ளையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு பெரிய குளத்தின் கரையில் இருக்கிறது. குளத்தை நாங்கள் சிங்களத்தில் போலவே "வெவ" என்றுதான் சொல்வோம். வாப்பாவின் தம்பி, சாச்சியின் புருஷன், எங்கள் சாச்சா, அந்த வெவயில் மீன் பிடித்தவர். போட் அவருக்கு அரசாங்கத் திட்டம் ஒன்றில் கிடைத்தது. பிறகு அவர் குவைத்துக்குப் போனார், போட் கரையிலேயே கிடந்தது. முதலில் அடிக்கடி வந்த போன் பிறகு பெருநாளைக்குப் பெருநாள் என்றாகி, அதுவும் நின்றுபோனது. சாச்சி இருந்து இருந்து பார்த்துவிட்டு, போட்டைக் கவிழ்த்து, ஒரு பக்கத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, அதற்குள் ஆடு அடைத்தார். தம்புள்ளைச் சந்தையில் கழித்துப் போடும் முட்டைக்கோவா இலையை யாராவது லொறியில் கொண்டுவந்து தருவார்கள்; ஆடுகளும் சாச்சியும் அப்படித்தான் பிழைத்தார்கள்.

ஒருநாள் ஜீப்பில் வந்த உத்தியோகத்தர்கள், கரையில் கிடந்த பழைய போட்களில் எல்லாம் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி கீறி, ஆளுக்கொரு கடதாசி என்பதுபோல் ஒவ்வொன்றிலும் ஒட்டிவிட்டுப் போனார்கள். "கைவிடப்பட்ட படகு" என்று இருந்தது. அகற்றப்படுமாம், பெக்கோ இயந்திரம் வந்து நொறுக்குமாம். குளிக்க வந்த பக்கத்து வீட்டு நிஸா ராத்தா, சவர்க்காரம் போட்டபடியே, "போட்டுக்கு மட்டுந்தானா ஒட்டினாங்க? ஒனக்கு ஒட்டல்லயா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சாச்சி வாளியை நிரப்பாமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த நாள் காலையிலேயே காரியாலயத்துக்குப் போனார். அங்கே நடந்ததை வந்து எங்களுக்கு நடித்துக் காட்டினார். "இது போட்டா, ஆட்டுக்கூடா அக்கே? ஓடாத போட் எல்லாமே கைவிட்டதுதான்" என்று அங்கே இருந்த இளம் மாத்தயா, அதாவது உத்தியோகத்தர் ஐயா, சொன்னாராம். மழைக்காலம் வாசலில் நின்றது. கூரை போனால் குட்டிகள் குளிரில் விறைத்துச் செத்துப்போகும் என்பதை அந்த மாத்தயாவுக்கு எப்படிச் சொல்வது என்று சாச்சிக்குத் தெரியவில்லை. அந்த மன வெப்பிசாரத்தோடு கூட்டிப் பெருக்கும்போதுதான் நான் முதலில் சொன்ன யோசனை வந்தது.

போட்டை நிமிர்த்த ஊர்ப் பெண்களே வந்தார்கள், நிஸா ராத்தா எல்லாருக்கும் முன்னால் வந்தார். கயிறு கட்டுவதற்காகச் சாச்சி அறைந்திருந்த ஆணிகளைப் பிடுங்கியதும், அடிப்பக்கம் இடியப்பத் தட்டு மாதிரி இருந்தது. பாதை வேலைக்காரர்களிடம் கெஞ்சி வாங்கிய தாரை உருக்கி, பழைய சாறத்துண்டில் தோய்த்து ஓட்டைகளில் அடைத்தோம். பைபர் தூள் பட்ட இடமெல்லாம் சுணை ஏறியது. அன்றைக்கு ஊர் முழுக்கத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு சொறிந்தது. ஒரு துடுப்பைக் கண்டுபிடித்தோம், மற்றது உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பாய் நின்றது, அதையும் பிடுங்கினோம்.

பெக்கோ வந்த அன்று, அது மற்றப் போட்களைப் பப்படம் மாதிரி நொறுக்கிக்கொண்டிருக்க, சாச்சி பிஸ்மி சொல்லி ஏறி உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் போட்டில் ஏறியதே இல்லை. தண்ணீர் இறைக்க என்னையும் பால்மா டின்னோடு ஏற்றினார்கள். தள்ளிவிட்டதும் போட் பக்கவாட்டில் போனது. "நேராப் போடீ! நீ என்ன நண்டா?" என்று கரையிலிருந்து நிஸா ராத்தா கத்தினார். "நீ வந்து ஓட்டு பாப்பம்!" என்று சாச்சி திருப்பிக் கத்தினார். தார் ஓரங்களில் தண்ணீர் கசிந்து என் கணுக்கால் வரை வந்துவிட்டது. நான் இறைத்தேன், அது வந்தது, நான் இறைத்தேன்.

மாத்தயா கரையில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கையைத் தட்டி, "சரி அக்கே, போதும்! ஐத்திகாரயா கவுத?" என்று கேட்டார். உரிமைக்காரர் யார் என்கிறார். சாச்சாவின் பெயர் வரும் என்றுதான் கரையில் எல்லாரும் நின்றார்கள். சாச்சி துடுப்பை மடியில் வைத்தார். போட் மெல்லச் சுற்றியது.

"மம தமய்!" என்றார். நான்தான்.

மாத்தயா சிவப்புக் குறியின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டு, வெவக்கரையில் மட்டும் வைக்கக் கூடாது என்றார். லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வீட்டு வளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி கவிழ்த்தோம். அந்த வாரமே மழை பிடித்தது. ஆடுகள் எதுவுமே நடக்காதது போல உள்ளே படுத்து அசைபோட்டன.

இரண்டு வருடம் கழித்துச் சாச்சா சூட்கேசோடு வந்து இறங்கினார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே வளவைப் பார்த்து, "என்ட போட்ட வித்துட்டா என்ன?" என்றார்.

"உங்கட போட்ட கவர்மென்ட் நொறுக்கிப் போட்டிச்சு," என்றார் சாச்சி. "இது என்ட."

சாச்சா மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார்.

இப்போது எங்கள் ஊரில் மீன் பிடிக்கிறவர் யாருமில்லை. மீன் திருகோணமலையிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது. அன்றைக்கு நொறுக்கிய பைபர் சில்லுகள் மட்டும் கரை மண்ணில் கிடந்து பிள்ளைகளின் காலைக் குத்துகின்றன. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் பைபர் வேலை படிக்கிறேன். கரையில் இப்போது அன்ன வடிவ மிதிபோட்கள் வரிசையாய்க் கிடக்கின்றன. வெள்ளைக்காரர் வரத்து நின்றதும் முதலாளி விட்டுவிட்டுப் போனவை. போன மாதம் அவற்றுக்கும் குறி போட்டார்கள். நொறுக்காமல் அறுத்து எடுக்கலாம் என்று காரியாலயத்தில் நச்சரித்து, பரீட்சார்த்தமாக ஒன்றுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன். தூள் ஒரு துளியும் வெவயில் விழக் கூடாது என்பது நிபந்தனை.

சாச்சியின் ஆடுகள் பெருகிவிட்டன, ஒரு கூரை காணாது. இன்னொரு கூரையாய் அன்னம் வரப்போகிறது என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அதுட தலைய அங்கேயே வெட்டிட்டுக் கொண்டா மகள், ஆடு பயப்படும்."

மின்வாள் வைத்தால் தூள் பறக்கும். அதனால் இரும்பறுக்கும் கைவாள்தான், ஒருத்தி தண்ணீர் ஊற்ற, ஒருத்தி அறுக்க. சனிக்கிழமை விடியக் கழுத்திலிருந்து தொடங்குகிறேன்.