வாத்துக் குளத்துக்கு இந்தப் பக்கம் நான்

சுற்றிப்பார்க்கும் ஆசையில் போன பயணம் இல்லை இது. நான் சவூதியில், தமாமில் ஏசி மெக்கானிக். மூன்று வருடம் கழித்து, ஒரு மாத லீவில் அய்யம்பேட்டைக்கு வந்திருக்கிறேன். நான் கிளம்பிப் போனபோது என் மகள் ஹாஜிரா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது நாலு வயது. லீவில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது, ஒருமுறைகூட அவள் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. கூப்பிட்டால் அவள் அம்மா பர்வீனின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறாள். திரும்பிப் போவதற்குள் அவளாக வந்து என் கையைப் பிடிக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். அதற்காகத்தான் தஞ்சாவூர் போனோம்.

தஞ்சாவூருக்கு வெளியே இருக்கும் இயற்கைப் பூங்காவைப் பற்றிப் பர்வீனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற இடம் இல்லையாம். மிதிக்கலாம், ஏறலாம், சேற்றில் இறங்கலாமாம். கயிற்றுப் பாலத்தில் பயந்தால் பிள்ளை அத்தாவைத்தானே கட்டிக்கொள்ளும் என்று நான் கணக்குப் போட்டேன். பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு.

ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரைக்கு அய்யம்பேட்டையில் பஸ் ஏறினோம். தஞ்சாவூர் பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனாலும் முக்கால் மணி நேரம் ஆனது. பொழுதே விடியாத மாதிரி வானம் கிடந்தது. வழியெல்லாம் சம்பா வயல்களில் தண்ணீர் தேங்கி, பயிரின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. ஜன்னல் சீட்டை ஹாஜிராவுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், என்னை நடுவில் உட்கார விடவில்லை. பர்வீன்தான் நடுவில்.

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

"மழையில அங்க என்னங்க பாக்கப் போறீங்க? பெரிய கோயிலுக்குப் போனாலாச்சும் ஒதுங்கி நிக்கலாம்" என்றார் டிரைவர்.

"பிள்ளைக்குத்தாங்க" என்றேன்.

"அதானே, நமக்கா?" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பூங்காவில் கூட்டமே இல்லை. முதலில் வெறுங்கால் பாதை. மணல், களிமண், உமி, கூழாங்கல் என்று கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, இன்னொருவர் கையைப் பிடித்தபடி நடந்து, காலடியில் என்னவென்று சொல்ல வேண்டும். நான் எதிர்பார்த்து வந்ததே இந்த மாதிரி ஒன்றைத்தான். அங்கே வேலை பார்க்கும் அக்கா ஹாஜிராவின் கண்ணைக் கட்டிவிட்டு, "அப்பா கையப் புடிச்சுக்க பாப்பா" என்றார். நான் கையை நீட்டினேன். ஹாஜிரா துணியை அவிழ்த்து அந்த அக்காவிடமே கொடுத்துவிட்டாள். "பயமா இருக்கு போல, விடுங்க சார்" என்றார் அவர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கயிற்றுப் பாலம் ஈரமாக இருந்ததால் பூட்டியிருந்தார்கள். அந்தக் கணக்கும் போச்சு. நாற்று நடும் சேற்றுப் பாத்தியில் அம்மாவும் மகளும் இறங்கினார்கள். நான் கரையில் செருப்புக்குக் காவல் நின்றேன்.

பிறகு டீ குடிக்கலாமென்று நான் மட்டும் கேன்டீன் பக்கம் போனேன். அவர்கள் இரண்டு பேரும் வாத்துக் குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். குளம் சின்னது, என் பக்கக் கரையில் ஒரு புங்கமரம். டம்ளரைக் கையில் வாங்கும்போது போன் அடித்தது. பர்வீன் நம்பர், வீடியோ கால். எடுத்தால் திரை முழுக்க ஹாஜிராவின் முகம்.

"அத்தா! இங்க பாருங்க, வாத்து! ஆறு வாத்து!"

அவள் அத்தாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். நான் தமாமில் இருக்கும்போது தினமும் ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு போடுவாளே, அதே மாதிரி. நல்லது எதைப் பார்த்தாலும் போனில் காட்டித்தான் அவளுக்குப் பழக்கம். புதுச் செருப்பு, பூனைக்குட்டி, முளைத்த பல், எல்லாமே எனக்குக் கண்ணாடிக்குள்தான் வந்தன. நான் டீயை அப்படியே வைத்துவிட்டு அவள் கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

வாய் ஓயாமல் பேசினாள். சேறு சில்லென்று இருந்தது, அம்மா வழுக்கி விழப் பார்த்தார்கள், ஒரு வாத்துக்குக் கால் நொண்டி. வீட்டில் இத்தனை நாளாக என்னிடம் பேசாத அத்தனையும் வந்தது. அப்புறம் கேட்டாள்: "அத்தா, நீங்க எப்ப வருவீங்க?"

நான் அங்கேயே வாயை மூடியிருக்கலாம். "வந்துட்டேன்டா. திரும்பிப் பாரு" என்று எழுந்து, மரத்துக்கு வெளியே வந்து கையை ஆட்டினேன்.

திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. போனை அம்மா கையில் திணித்துவிட்டு, பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். திரையில் பர்வீனின் முகம் வந்தது. "மழை வருதுங்க, கிளம்பலாமா?" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஹாஜிரா அம்மா மடியில் தூங்கிவிட்டாள். சேறு காய்ந்த அவள் பாதம் என் தொடையில் பட்டுக்கொண்டிருந்தது. ஊர் வரும்வரை நான் அசையவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெரியவர்களுக்கு ஐம்பது ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி. மாற்றுத்துணி கட்டாயம். மழைக்காலத்தில் பாதி விளையாட்டுகளைப் பூட்டிவிடுகிறார்கள், தை பிறந்ததும் போங்கள். கேன்டீனில் டீ சுமார், சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொள்வது நல்லது. லீவில் வந்து பிள்ளையைக் கூட்டிப்போகும் அத்தாக்கள் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்றும் எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசியது அதில் மட்டும்தான்.