குதிரைக்காரர் கூட வருகிறார்

திரும்பிப் பார்த்தபோது அவர் கீழே ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். பழுப்பு நிறக் குரங்குக் குல்லா, கையில் ஊன்றுகம்பு. எங்களுக்கு நடுவே இருபது நிமிட இறக்கம் இருக்கும். கையைத் தூக்கி, நீ போ என்பதுபோல் அசைத்தார். அந்த அசைவு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

அவர் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர். எல்லாருக்கும் அண்ணாச்சி. தினமும் சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் வருவார். ஓய்வு பெறுவதற்குள் பனியை ஒருதரம் கையால் அள்ளிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நானோ இரண்டுமுறை இமயமலையில் நடந்துவிட்டு வந்த மிதப்பில் இருந்தவன். ஒரு கிராமத்தில் விடியுமுன் கிளம்பி, கணவாயைத் தாண்டி, பொழுது சாய்வதற்குள் மறுபக்கத்துக் கிராமத்தில் இறங்கிவிடும் ஒரு நாள் நடை. “நம்ம பாவநாசம் மலைல ஏறுத மாதிரிதான் அண்ணாச்சி” என்று ஆசை காட்டியது நானே. அவர் மனைவிக்கு மனசில்லை. “இவிய மூட்டு தாங்காதே” என்றார். வீட்டுக்கே போய், “நான் கூடவே இருப்பேன் மைனி” என்று சொல்லிச் சம்மதம் வாங்கினேன்.

நாங்கள் ஏழு பேர். முன்னால் வழிகாட்டி, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குதிரைக்காரர் பின்னால் வருவார். மதியத்துக்குமேல் மேகம் இறங்கிவிடும், அதற்குமுன் உச்சியைத் தாண்டியாக வேண்டும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். முதல் மூன்று மணி நேரம் அண்ணாச்சியோடுதான் நடந்தேன். பாறைச்சரிவு தொடங்கியதும் அவர் பத்தடிக்கு ஒருதரம் நின்றார். மற்ற ஐந்து பேரும் மேலே புள்ளிகளாகிக்கொண்டிருந்தார்கள். என் பொறுமையும் அவர்களோடு ஏறிப்போய்விட்டது. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

“நீரு போவும்வே. நான் பைய வாறேன்.”

ஒரு பேச்சுக்குக்கூட மறுக்காமல் நடந்தேன்.

உச்சியில் கல் குவித்து வண்ணக் கொடிகள் கட்டியிருந்தார்கள். காற்றில் அவை படபடத்தன. நான் படம் எடுத்துக்கொண்டேன்; இரண்டு கைகளையும் விரித்தபடி ஒன்று. வழிகாட்டி தலைகளை எண்ணிவிட்டு, “அந்தப் பெரியவர்?” என்று இந்தியில் கேட்டார். மேகம் சரிவில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அவர் கீழே போவார், நானும் போக வேண்டிவரும். ஏறி வந்த சரிவில் மறுபடி இறங்கி ஏற என் கால்கள் தயாராக இல்லை. “குதிரைக்காரர் கூட வருகிறார்” என்றேன். அவர் நம்பினார்.

மறுபக்கத்துக் கிராமத்தில் இறங்கியபோது குதிரைக்காரர் எங்களுக்கு முன்பே வந்து அடுப்பில் தேநீர் வைத்திருந்தார். மேகத்தைப் பார்த்துவிட்டுக் குதிரைகளைக் கீழ்ப்பாதையில் திருப்பிவிட்டாராம். பெரியவரைப் பார்க்கவே இல்லையாம். வழிகாட்டி என்னை ஒருமுறை பார்த்தார். விளக்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே ஏறினார். நானும் எழுந்தேன். வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டு மணி நேரமும் மைனியின் முகம்தான் கண்முன் நின்றது. வெளிச்சம் அடங்கும் சமயத்தில் அவர்கள் வந்தார்கள். அண்ணாச்சியின் கையைப் பிடித்திருந்தவர் ஒரு நடுவயதுப் பெண். நாங்கள் கிளம்பிய ஊரில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், மேகத்துக்குள் வழி தெரியாமல் நின்ற மனிதரைக் கண்டு, மொழி தெரியாமலே கணவாயைத் தாண்டிக் கூட்டிவந்திருக்கிறார். வழிகாட்டி பாதி வழியில் அவர்களோடு சேர்ந்துகொண்டாராம். அண்ணாச்சி என்னிடம், “சாப்பிட்டீரா?” என்று மட்டும் கேட்டார்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஊர் திரும்பியதும், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கதை கேட்டார்கள். “அண்ணாச்சியக் கையப் பிடிச்சுக் கணவாயத் தாண்டிக் கூட்டிட்டு வந்தேம்லா” என்று என் வாய் சொன்னது. எதிரே அண்ணாச்சி தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து, “ஆமா” என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை.

போன மாதம் சேரன்மகாதேவிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் வண்ணார்பேட்டையில் பேருந்து ஏறினேன். மைனி அடுக்களைக்குப் போனதும், வழிகாட்டியிடம் சொன்ன பொய் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தெரியும்வே. குதிரைக்காரன் என்கூட வாறான்னு நீரு சொன்னத அந்த வழிகாட்டி என்கிட்ட சொல்லிட்டான். அதப் புரிஞ்சுக்க என் அரை இந்தி போதும்.”

“அப்போ ஏன் அண்ணாச்சி ஆமான்னு சொன்னிய?”

“அத்தன பேரு முன்னால உம்மப் பொய்யனாக்கச் சொல்லுதீரா?” மறுபடியும் கதவைப் பார்த்தார். “உம்மமேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். அங்கன மேகத்துக்குள்ள நின்னப்ப ரொம்பப் பயந்துட்டேன். உம்ம பேரச் சொல்லித்தான் கத்துனேன்.”

அது எனக்கு அதுவரை தெரியாது.

மைனி காப்பியோடு வந்தார். அண்ணாச்சி பேச்சை மாற்றி மழையைப் பற்றிக் கேட்டார். டம்ளரை என் கையில் கொடுத்தபடி மைனி சொன்னார்: “இவியளுக்குக் காசிக்குப் போவணுமாம். நீங்க வந்தா அனுப்புதேன். வேற யாரு கூடயும் விட மாட்டேன்.”

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் “சரி மைனி” என்றேன்.