பாறை இடுக்கில் ஒரு காணிக்கை

படிப்பவர்கள் இதில் வரும் பெரியவரைக் கேலி செய்துவிடக் கூடாதே என்று பயந்து, இதை எழுதச் சில வருடங்களாகத் தயங்கினேன்.

ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து, நாங்கள் குடியிருக்கும் தொம்மலூரிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு வெளியே ஒரு காட்டுக்குப் போனோம். யாரோ ஒளித்து வைத்த டப்பாவை, போனில் வழி பார்த்துத் தேடும் விளையாட்டு அது. கண்டுபிடித்தவர்கள் உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தங்களுடையது ஒன்றை வைக்க வேண்டும். பாறை இடுக்கில் டப்பா கிடைத்ததும், மகள் ஒரு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு தன் ஹேர்கிளிப்பை வைத்தாள்.

அப்போது நரைத்த மீசையோடு காட்டு வாட்ச்மேன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் வந்தார். மழை படாமல் டப்பாவைத் தினமும் இலை போட்டு மூடுவது அவர்தானாம்.

"எல்லாரும் காணிக்கை வெச்சிட்டு பிரசாதம் எடுத்துட்டுப் போறாங்க. இது எந்த சாமி சார்?"

"ஐயோ அங்கிள், இது கேம்..." என்ற மகளின் கையை என் மனைவி அழுத்தினாள்.

"ஏண்ணா கேக்குறீங்க?" என்றேன்.

"பொண்ணுக்கு இன்னிக்குப் பிரசவம் சார். எனக்கு லீவு கிடைக்கல. நானும் ஒண்ணு வைக்கலாமா?"

வேறொன்றும் இல்லாததால் காக்கிச் சட்டைப் பொத்தானைப் பிய்த்து வைத்தார். நான் சிலுவை போட்டு, அவரோடு நின்று ஜெபித்தேன்.

"கேக்க வேண்டியவரு கேட்டுட்டாருண்ணா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "பேத்தி பொறந்தா இந்தப் பாப்பா மாதிரி வாயாடியா இருக்கட்டும்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினோம்.

பிரசவம் எப்படி ஆனதென்று எனக்குத் தெரியாது. இதை யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். நல்லபடியாக முடிந்தது என்று நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.