தேறாது என்று கேட்ட சொல்

என் கணவர் கடலட்டை பிடிக்கக் கடலில் முழுகுபவர். அன்று வங்காலைக் கரையில் படகை விட்டு இறங்க எழுந்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இருக்கவில்லை. தூக்கிவந்து ஓட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவருடைய காலைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

"நோகுதோ?"

இல்லையென்று தலையை ஆட்டினார்.

டொக்டர் தெற்கிலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. கணவரின் முகத்தில் ஒக்சிசன் மாட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். முடிவில், "தேருணாத?" என்றார்.

என் காதில் விழுந்தது 'தேறாது'.

"என்ன டொக்டர்?" என்றேன். குரலை உயர்த்தி மறுபடியும் அதையே சொன்னார். கட்டில் கம்பியைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டேன்.

"என்னவாம்? ஏன் அழுறாய்?" என்றார் கணவர். அவரிடம் அதை எந்த வாயால் சொல்வது?

பக்கத்துக் கட்டிலில் தன் கணவருக்குத் துணையாக நின்ற எருக்கலம்பிட்டி ஊர் அம்மா ஒருவர் ஓடிவந்தார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்ததில் அவருக்குச் சிங்களம் நல்ல பழக்கம்.

"தேறாதெண்டு சொல்லேல்ல பிள்ளை. தான் சொன்னது விளங்கினதோ எண்டு கேக்கிறார்."

"விளங்கினதோ எண்டோ?"

"ஓம். அவங்கட பாசையில அதுக்கு அந்தச் சொல்தான்."

நான் படித்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். பள்ளியில் 'புரிஞ்சுதா?' என்பார்கள், வீட்டில் அம்மா 'விளங்கிச்சோ?' என்பார். இரண்டும் ஒன்றென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இந்தச் சொல் மட்டும் என் உயிரைக் குடித்துவிட்டது.

அந்த அம்மா மிச்சத்தையும் கேட்டுச் சொன்னார். ஆழத்திலிருந்து விரைவாக மேலே வந்ததால் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள். அதைக் கரைக்கும் காற்றழுத்த அறை உள்ள பெரியாஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும். வழியில் தலையை உயர்த்தக்கூடாது. மூச்சுத் திணறினால் அம்புலன்சை நிறுத்தச் சொல்லவேண்டும். கேட்டுக்கொண்டே எழுந்து நின்றேன்.

"விளங்கிச்செண்டு சொல்லுங்கோ அம்மா."

அம்புலன்ஸ் பாலம் தாண்டியதும் கணவர் தலையணை கேட்டார். கொடுக்கவில்லை. கெஞ்சினார். நெற்றியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தேன். அது ஒருமுறை தாமதித்தாலும் வண்டியை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன்.

அந்த அறையில் வைத்தியம் செய்து, கிழமைகள் கழித்துத்தான் நடந்தார். இடது கால் இன்னும் இழுபடுகிறது. இப்போது கரையில் இருந்தபடி கிழிந்த வலை பொத்துகிறார். தண்ணீரில் கணுக்கால் நனைய நின்றாலே நான் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறேன்.